இடைவழி வீண்வழி அன்று

வெளிநாடு சென்று வருவது செல்வர்க்கே வாய்க்கும் பாக்கியம் என்றிருந்த காலம் மாறி, மாதச் சம்பளத்தில் சிறிது மிச்சம் பிடிக்கக்கூடிய குடும்பம் எதுவும் ஒரே விடுமுறைக்குள் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் பாங்காக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்னும் நிலை வந்திருப்பது மகிழத்தக்கதே. ஆனால் இந்தச் சௌகரியத்தின் கூடவே ஓர் அபிப்பிராயமும் விமானம் ஏறி வந்து நம்மிடையே குடியேறிவிட்டது. பிரயாணம் என்பது ஓரிடத்தைச் சேர்வதற்குரிய உபாயமே. சேருமிடமே அதன் பயன். இடையிலே கிடக்கும் நிலமும் நீரும் கடந்து தீரவேண்டிய தொல்லை. அத்தொல்லையை எவ்வளவு விரைவில் தொலைக்கிறோமோ அவ்வளவுக்கு நாம் புத்திசாலிகள் என்பதே அவ்வபிப்பிராயம். இது சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரத்தில் மட்டுமன்றி, படித்தவர்களின் பேச்சிலும், பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லும் புத்தியிலும், ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல வழங்கி வருகிறது. இதனை உண்மையென்று ஒப்ப என்னால் இயலவில்லை; ஏன் இயலவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதனால் கிடைத்த அவகாசத்தைக் கொண்டு, முதுகில் ஒரு பையோடு ஜொகூர் பாருவில் புறப்பட்டு, மலாய்த் தீபகற்பத்தின் நெடுகிலும் வடக்கு நோக்கிச் சென்று, தாய்லாந்தைக் கடந்து, லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரம் வரை பஸ்ஸிலும் ரயிலிலும் படகிலுமாக மூன்று வாரங்களில் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து இதைச் சொன்னபோது உறவினரும் நண்பரும் கூறிய ஆட்சேபங்களைத் தொகுத்துப் பார்த்தால் அவை நான்கே. காலத்தை விரயம் செய்துவிட்டேன் என்பது ஒன்று. கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்கினேன் என்பது இரண்டாவது. இது வேலைவெட்டியில்லாத வெள்ளைக்கார வாலிபர்களின் பொழுதுபோக்கேயன்றி நம்மவர் மரபன்று என்பது மூன்றாவது. "வழியில் அப்படி என்ன இருக்கிறது? தென்னையும் வயலும் ரப்பர் மரமும் நாகர்கோயில் பக்கம் போனாலே பார்க்கலாமே!" என்பது நான்காவது. இந்நான்காவதே மற்ற மூன்றையும் ஈன்ற தாய் ஆகையால், அதற்குரிய விடையைக் கடைசியில் விரிவாகக் கூறுவேன். பிள்ளைகளை முதலில் கவனித்து அனுப்பிவிடுவோம்.

காலக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பினாங்கிலிருந்து பாங்காக்குக்கு ஆகாய விமானம் இரண்டு மணிக்குள் போய்விடுகிறது என்பது மெய்யே. ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் நேரம், போய்க் காத்திருக்கும் நேரம், இடுப்புவாரையும் காலணியையும் கழற்றிச் சோதனைக்கு நிற்கும் நேரம், இறங்கியபின் பெட்டி வருமா என்று சுழலும் பட்டையின் முன் தவம் கிடக்கும் நேரம், பின்னும் நெரிசலில் ஊர்ந்து நகரத்தைச் சேரும் நேரம் ஆகிய இவற்றையெல்லாம் அந்த இரண்டு மணியோடு கூட்டிப் பார்த்தால், ஒரு பகலின் பெரும்பங்கு கழிந்துபோயிருக்கும். கழிந்த அப்பகலில் கண்டது கண்ணாடிச் சுவரும் வாசனைத் திரவியக் கடையுமே. மலேசியாவின் எல்லையூராகிய பாடாங் பெசாரில், ஒரே நிலையக் கட்டடத்துக்குள் மலேசிய அதிகாரி ஒரு முத்திரையும் தாய்லாந்து அதிகாரி மற்றொரு முத்திரையும் குத்திக் கொடுக்க, மாலையில் ரயில் ஏறுகிறவனோ மறுநாள் முற்பகலில் பாங்காக்கில் இறங்குகிறான். இருட்டியபின் பணியாள் வந்து, எதிரெதிர் இருக்கைகளை இழுத்து ஒன்றாக்கி, மெத்தை பரப்பி, வெள்ளை விரிப்பு விரித்து, திரையும் தொங்கவிட்டுப் போகிறான். தூங்கிய நேரத்தை விரயமென்று எந்தக் கணக்கனும் எழுதுவதில்லை. விடுதிக்குக் கொடுக்கவேண்டிய ஓரிரவுக் கட்டணமும் மிச்சம். அன்றியும், விமானத்தில் போய் நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள் அந்த மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். பெரும்பாலோர் அதைப் பாங்காக்கின் குளிரூட்டிய கடைவளாகங்களில் செலவிட்டிருந்தார்கள்.

அடுத்தது கஷ்டம். கஷ்டமே இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. கஷ்டப்படுவதால் ஆன்மா சுத்தியடைகிறது என்று உபதேசிக்கவும் போவதில்லை. தென் தாய்லாந்தில் வேன் ஒன்றின் சாரதி, நகரத்தின் நடுவே இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பணத்தை முன்னரே வாங்கிக்கொண்டு, இரவு பதினொன்றரை மணிக்குக் கொட்டும் மழையில், நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே தேநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்லி, யாரையோ கூப்பிட்டு எனக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார் என்பதற்காக, அச்சாரதி செய்தது சரியாகிவிடாது. சாலை விபத்துகள் மிகுந்த நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று என்பது உலகறிந்தது. அன்றிரவு முதல் நான் கைக்கொண்ட விதி எளியது: சாலையில் செல்வது பகலில், இரவுக்கு ரயில் அல்லது படுக்கை. இவ்விதியைக் கைக்கொண்டால் தரைவழிப் பிரயாணத்தின் அபாயத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். எஞ்சுவது முழங்கால் வலியும் சில வேளைகளில் தாமதமுமே. நம்மூரில் தீபாவளிக்கு முதல் நாள் இரவு கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்த எவருக்கும் இவை புதிய கஷ்டங்கள் அல்ல.

மூன்றாவது ஆட்சேபமே எனக்கு வியப்பைத் தருகிறது. முதுகில் பை சுமந்து திரியும் வாலிபக் கூட்டம் அறுபதுகளுக்குப்பின் மேற்கிலிருந்து பெருகி வந்தது உண்மை. பாங்காக்கில் அவர்களுக்கென்றே ஒரு தெருவும் உண்டாயிற்று. அதனால் தரைவழியும் நீர்வழியுமாகச் செல்லும் பழக்கமே அவர்கள் கண்டுபிடித்ததாகிவிடுமா? தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தக்குவா பா என்னும் ஊரின் பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அதற்கு அவனிநாரணம் என்று பெயரிடப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர் ஆகையால், கல்வெட்டின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். கரையைத் தொட்டுவிட்டு உடனே திரும்புகிறவர்கள் குளம் வெட்டமாட்டார்கள். வணிகர்களான நம்மவர் அங்கே இறங்கினார்கள், தங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், மேலும் உள்ளே நடந்தார்கள். அத்தனை பின்னே போவானேன்? 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியபோது, அதன் மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து, இறங்கியபின் ரயிலிலும் லாரியிலும் தோட்டங்களுக்குப் போனவர்கள் யார்? நம்முடைய பாட்டன்மார்களே. காசிக்கு நடந்து போனவர்களின் பேரர்கள், பை சுமந்து பஸ் ஏறுவது அந்நிய நாகரிகம் என்று முகஞ்சுளிப்பது விநோதமாக இருக்கிறது.

சோற்றுக்கு என்ன செய்வது என்று சைவர்கள் கேட்பார்கள். தாய்லாந்தில் சைவ உணவுக்கு "மங்சவிரத்" என்று பெயர். மாம்சமும் விரதியும் சேர்ந்த சமஸ்கிருதச் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்திருக்கிறது. அச்சொல்லை நிலையத்து வாசலில் சோறு விற்கும் பெண்ணிடம் சொல்லிப் புரியவைத்து, மீன்சாறும் வேண்டாமென்று சைகையால் காட்டி, சோறும் கீரையும் சோயாக்கட்டியும் வாங்கி உண்ட நாட்களே அதிகம். ஐந்து நாள் ஏற்பாட்டுச் சுற்றுலாவில் அழைத்துச் செல்லப்படுகிறவர்கள் பட்டாயாவில் இட்லி சாப்பிடுகிறார்கள், அது குற்றமன்று, ஆனால் அந்நாட்டார் தமக்குரிய சொற்களுள் ஒன்றை நம்முடைய சொற்களின் கிடங்கிலிருந்தே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்னும் செய்தி அவர்களுக்கு எட்டாமலே போகிறது.

இனித் தாயைக் கவனிப்போம். வழியில் என்ன இருக்கிறது?

ஜொகூரிலிருந்து வடக்கே வருகிறவன் ஒரு முழுப்பகல் எண்ணெய்ப்பனையைப் பார்க்கிறான். ரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாறியதும், பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதும், தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் லயத்து வீடுகளை விட்டு நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்ததும் புத்தகங்களிலும் படிக்கக் கிடைப்பவையே. ஆனால் எல்லையைத் தாண்டி ஹாட் யாயை நெருங்கியதும், மலேசியாவில் காணாமற்போன ரப்பர் மரங்கள் மீண்டும் வரிசை வரிசையாக ஜன்னலில் வரத் தொடங்குகின்றன. உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைவிக்கும் நாடு இன்று தாய்லாந்து. அங்கே அதை விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் சொந்தமாக உடைய குடியானவர்கள். மரம் ஒன்றே, பால் ஒன்றே, கத்தியும் ஏறக்குறைய ஒன்றே. இப்பால் தோட்டத்துரையின் மரத்தைக் கூலிக்கு வெட்டினான் ஒருவன், அப்பால் தன் மரத்தைத் தானே வெட்டுகிறான் மற்றொருவன். ஒரு பயிர் ஒரு சமூகத்தை எப்படி ஆக்கும் என்பதை அந்தப் பயிர் தீர்மானிப்பதில்லை, நிலத்தின் உரிமையே தீர்மானிக்கிறது என்னும் பெரிய பாடத்தை இரண்டு நாள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததற்குக் கூலியாகப் பெற்றேன். நாகர்கோயிலிலும் ரப்பர் மரம் உண்டு என்பது மெய். ஆனால் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் எல்லைக்கோடு அங்கே இல்லை.

அந்த எல்லையை எட்டுமுன், ரயில் கெடா மாநிலத்தின் வழியாக வருகையில், சுங்கை பட்டாணிக்கு வடக்கே, மேற்குப் புறத்தில் ஜெராய் மலை நெடுநேரம் கூடவே வருகிறது. 1,200 மீட்டருக்கு மேற்பட்ட அம்மலை வயற்பரப்பின் நடுவே தனியாக எழுந்து நிற்பதைக் கண்டதும், கடாரம் ஏன் கடாரமாயிற்று என்பது எனக்கு விளங்கிற்று. வங்கக்கடலைக் குறுக்கே கடந்து வரும் மரக்கலத்துக்கு, கரை தெரியுமுன்னே தெரிவது அந்தச் சிகரமே. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலேதான் பழைய கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு, அது ஒரு பெயராகவும் ஓர் ஆண்டாகவுமே இருந்துவிட்டது. முப்பதாயிரம் அடி உயரத்தில் மேகத்துக்குமேல் பறக்கிறவனுக்கு அது என்றென்றும் பெயராகவே இருந்துவிடும்.

சூரத் தானி என்னும் நிலையத்தில் இறங்கினேன். சயாம் மன்னர் வஜிராவுத் 1915-இல் குஜராத்தின் சூரத் நகரத்தை நினைத்து வைத்த பெயர் அது. அங்கே ஓடும் ஆற்றுக்கும் தபதியின் பெயரையே வைத்துத் தாபி என்றழைத்தார்கள். அவ்வூரிலிருந்து தக்குவா பாவுக்குப் பகல்நேரப் பஸ் போகிறது. தூரம் ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர். கீழ்க்கடலாகிய தாய்லாந்து வளைகுடாவின் பக்கத்தில் ஏறுகிறவன், சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக எழும் காவோ சோக் காட்டின் ஊடே சென்று, மேல்கடலாகிய அந்தமான் கடலின் பக்கத்தில் இறங்குகிறான். நான் ஏறியபோது மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கார்த்திகை மாதம் அப்பக்கத்துக்கு அடைமழைக் காலம். குன்றுகளைத் தாண்டிய சற்று நேரத்தில் சாலை காய்ந்து கிடந்தது. மேலைக்கரையில் மழைக்காலம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டு கடல், இரண்டு பருவம், இடையே ஒரு சில மணி நேரத்துப் பஸ்! மலாக்கா நீரிணையைச் சுற்றிக்கொண்டு, காற்றுத் திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, சரக்கை மேற்கே இறக்கி, ஆற்றிலும் காட்டுவழியிலும் ஏற்றிச் சென்று, கிழக்கே வேறு கப்பலில் ஏற்றிவிடுவது மேல் என்று பழைய வணிகர் கணக்கிட்டதன் நியாயம், பஸ்ஸின் ஈர ஜன்னல் உலர்ந்த கணத்தில் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. சோழர் கல்வெட்டில் வரும் தக்கோலம் இந்தத் தக்குவா பாவே என்று அறிஞர் பலர் கருதுவர். அந்த அறிஞர்களின் வாதங்களை முன்பே படித்திருந்தேன்; நம்பியது அன்றுதான்.

நிலத்தைப் படத்தில் மட்டும் பார்த்து முடிவுசெய்தவர்கள் ஏமாந்த கதைக்கு மேகோங் ஆறு சாட்சி. சீனத்துக்குள் நுழையக் கப்பல்வழி ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்ட பிரெஞ்சுக்காரர், 1866-இல் சைகோனிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழுவை அவ்வாற்றின்மேல் அனுப்பினார்கள். லாவோஸின் தென்கோடியில் கோன் அருவிகள் குறுக்கே கிடந்தன. நதி நீளமாயிருந்தால் நாவாயும் நெடுக ஓடும் என்று நம்பிய ஆசை விட்டபாடில்லை. 1890-களில் அருவியோரத்துத் தீவின்மேல் சிறு இருப்புப்பாதை ஒன்றைப் போட்டு, நீராவிக் கப்பல்களைப் பிரித்து ரயிலில் ஏற்றிச் சென்று மேலே மறுபடி ஆற்றில் இறக்கினார்கள். அவ்வழி சீனத்துக்கு வாணிப மார்க்கமாக ஒருநாளும் ஆகவில்லை.

அந்த ஆற்றின் வடபகுதியில், ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு நான் படகில் சென்றேன். இரண்டு பகல் பிரயாணம்; நடுவே பாக்பெங் என்னும் கரையோரச் சிற்றூரில் இரவுத் தங்கல். நீண்டு ஒடுங்கிய மரப்படகு. உள்ளே பழைய மோட்டார் வண்டிகளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இருக்கைகள், தரையில் பிணைக்கப்படாமல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பின்கட்டில் படகோட்டியின் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய துணிகள் கொடியில் உலர்ந்தன. துறையென்று எதுவும் இல்லாத மணல் திட்டுகளில் படகு மூக்கை முட்டி நிற்கும். அரிசி மூட்டை, கூரைத் தகரம், ஒருமுறை மோட்டார் சைக்கிள் ஒன்று, பலகை வழியாக இறக்கப்படும். மூங்கிற்கூடையோடு இரண்டு பேர் ஏறுவார்கள். மேலே மரங்களுக்கிடையே ஏழெட்டு வீடுகள் தெரியும். எனக்கு யாத்திரையாயிருந்த அந்தப் படகு அவர்களுக்குச் சந்தைக்குப் போகும் டவுன்பஸ். நான் இறங்கவேண்டிய இடம் லுவாங் பிரபாங். அவர்கள் இறங்கவேண்டிய இடங்களுக்கு என்னிடமிருந்த படத்தில் பெயரே இல்லை. அப்போதுதான் இந்த வாதத்தின் ஆணிவேர் எனக்குப் பிடிபட்டது. இடைவழி என்று நாம் ஒதுக்குவது யாரோ ஒருவருக்கு ஊர். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, அங்கே இருப்பவர்களை இல்லையென்று சொல்கிறோம்.

இவ்வளவு கூறியபின், என் கட்சிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வோரையும் சற்றுக் கண்டிக்கவேண்டும். ஏனெனில் நல்ல வழக்கைக் கெடுப்பவர் பெரும்பாலும் சொந்த வக்கீல்களே. பை சுமந்து திரிகிறவர்களில் ஒரு சாரார், பாக்பெங்கில் அறை வாடகையில் சில ஆயிரம் கிப் குறைத்துவிட்டதைப் பெரிய வெற்றியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தொகை அவர்கள் நாட்டில் ஒரு கோப்பைக் காபிக்கும் போதாது. வேறு சிலர், நவீனத்தின் காற்றுப்படாத கிராமத்தைத் தேடிப் போகிறோம் என்றார்கள். கிராமத்தார் மின்விளக்கும் சாலையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கவனத்துக்கு வரவில்லை. மெதுவாகச் செல்வது உயர்ந்த தர்மம், விரைவு பாவம் என்னும் இந்தப் பேச்சு, நான் மறுக்கவந்த அபிப்பிராயத்தைப்போலவே பொய்யானது. 2021 டிசம்பரில் லாவோஸில் சீன எல்லை முதல் தலைநகர் வியந்தியான் வரை ரயில் ஓடத் தொடங்கியது. மலைச்சாலையில் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் குலுங்கிப் போகவேண்டியிருந்த லுவாங் பிரபாங் – வியந்தியான் வழி, இப்போது இரண்டு மணி நேரத்து வழி. நோயாளியை நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவனிடம் சென்று, பழைய பஸ்ஸில் காட்சி நன்றாயிருக்குமே என்று யாரேனும் சொன்னால், அவன் என்ன மறுமொழி சொன்னாலும் தகும். நானும் திரும்பும்போது அந்த ரயிலிலேயே வந்தேன். பாதி வழி சுரங்கத்துக்குள் போயிற்று. எதிரில் இருந்த கிழவர் சுகமாக உறங்கினார். அவருக்காக நான் சந்தோஷப்பட்டேன். விரைவு வேண்டுவோர்க்கு விரைவு கிடைக்கட்டும். உல்லாசத்துக்காகவே ஊர் சுற்றப் புறப்படுகிறவர்கள், யாதொரு அவசரமும் இல்லாமலே அவசரப்படுவதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

எல்லோருக்கும் மூன்று வாரம் ஓய்வு வாய்க்குமா என்பது நேர்மையான கேள்வி, வாய்க்காது. ஐந்து நாள் விடுப்புக்கே மேலதிகாரியின் முகம் பார்க்கவேண்டியவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவனாக முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வயோதிகரும் கைக்குழந்தையோடு செல்வோரும் மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் எட்டு மணி நேரம் உட்காரவேண்டுமென்று சொல்வது கொடுமை. நான் கேட்பது இவ்வளவே: ஐந்து நாளில் ஒரு பகலையாவது இடைவழிக்குக் கொடுங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பறக்காதீர்கள். மின்சார ரயிலில் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து படகில் ஏறித் தீவுக்குப் போங்கள். ரஜூலாவில் வந்தவர்கள் கண்ட அதே நீர்ப்பரப்பையும் அதே குன்றையும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நீங்களும் காண்பீர்கள்.

பாங்காக்கில் அப்படி ஒரு பகல் கிடைத்தால் அதை எங்கே கொடுப்பது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். நான் கெடாவின் வழியே வந்த ரயிலில், பேத்தியோடு எதிரே அமர்ந்திருந்த தமிழ் மூதாட்டி ஒருவர், எண்பதைக் கடந்தவர், சுங்கை பட்டாணியில் இறங்கவேண்டியவர், "ஐயா ஊர்லேருந்தா வர்றீங்க? இன்னும் எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்டார். சயாமுக்குப் போகிறேன் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் எங்கம்மா வயித்துல இருக்கிறப்ப எங்கப்பாவ தோட்டத்துலேருந்து அங்கதான்யா புடிச்சிட்டுப் போனானுங்க, ரயிலு போடறதுக்கு. போனவரு வரல. அந்தப் பக்கம் போனா ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க" என்றார்.

ஜப்பானியர் 1942-43-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் பாதையை, மலேசியத் தமிழர் சயாம் மரண ரயில் என்பர். அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். காஞ்சனபுரியில் ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே, அவர்களில் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குப் புல்வெளியில் ஒழுங்கான கல்லறைகள் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உட்பட ஆசியத் தொழிலாளர் பல பல்லாயிரவர் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த தனிக்கல் கிடையாது. மலாயாவின் பாதையும் சயாமின் பாதையும் 1918-இலேயே பாடாங் பெசாரில் இணைந்துவிட்டிருந்தன. ஆகையால் அம்மூதாட்டியின் தந்தை மூடிய சரக்கு வண்டியில் கொண்டுசெல்லப்பட்டது, நான் விரிப்பு விரித்த படுக்கையில் சென்ற அதே மீட்டர் கேஜ் பாதையிலேயே. அவர்கள் இறக்கப்பட்ட பான் போங் நிலையம், விடியுமுன் என் ஜன்னலில் சில விளக்குகளாக வந்து போயிற்று. இரண்டு நாள் கழித்து, குவாய் நோய் ஆற்றின்மேல் பாறைச்சுவரை ஒட்டிக் கட்டைகளால் கட்டிய பாலத்தில் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தபோது, அவர் சொன்னபடி எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்தில் பலாக்காய் வறுவல் விற்றுக்கொண்டிருந்த பெண், ஏனென்று கேளாமல், தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கைகுவித்தாள்.

போட்ட பாதையில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் வரை அதில் மூன்றாம் வகுப்பு வண்டி நாள்தோறும் செல்கிறது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று.